மென்பொருள் வந்தும் வேலை ஏன் வேகமெடுக்கவில்லை: சிறு நிறுவனத்தில் தலைமை செய்யக்கூடியது

கேட்கப்பட்ட கேள்வியின் சாரம் இது. 22 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம். ஆர்டர் பெற்று, பொருளைத் தயாரித்து, அனுப்பிவைப்பது அதன் தொழில். ஆர்டர், இருப்பு, பில், வருகைப்பதிவு ஆகிய எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவரும் மென்பொருளை ஓராண்டுக்கு முன் நிறுவினார்கள்; அனைவருக்கும் இரண்டு நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். ஆனால் தாமதங்கள் முன்பிருந்த அளவிலேயே இருக்கின்றன, கிடங்கில் இருப்பவர்கள் இன்னும் பழைய நோட்டில்தான் எழுதுகிறார்கள். இந்நிலையில் ஓர் ஆலோசகர், "உங்களுக்கு இப்போது தேவை அனைவரையும் உள்ளடக்கிய தலைமை" என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையிலேயே உற்பத்தித்திறனோடு தொடர்புடையதா, அல்லது பெரிய நிறுவனங்களின் சொல்லலங்காரமா என்று உரிமையாளர் கேட்கிறார். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் கேட்டிருக்கிறார்.

தொடர்பு உண்டு, அதுவும் நேரடியான தொடர்பு என்பதே என் பதில். எல்லோரிடமும் இனிமையாகப் பேசுவது, யாரையும் ஒதுக்காமல் இருப்பது என்று ஒரு நற்குணத்தைக் குறிப்பதற்கே அந்தச் சொல்லைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். அதனால், மென்பொருளோடும் உழைக்கும் மணிக்கணக்கோடும் அது எந்த இடத்தில் வந்து சேர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அந்த இடத்தைத்தான் இந்தப் பதிலில் காட்ட முயல்கிறேன்.

முதலில் உற்பத்தித்திறன் என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். விற்பனைத் தொகையிலிருந்து, வெளியே வாங்கிய பொருள்களுக்கும் சேவைகளுக்கும் கொடுத்த தொகையைக் கழித்து, மீதியை எல்லோரும் உழைத்த மொத்த மணி நேரத்தால் வகுத்தால் வருவதே உழைப்பின் உற்பத்தித்திறன். சிறு நிறுவனத்தில் அது கசியும் வழிகள் பெரும்பாலும் மூன்று: ஒருவர் முடிவுக்காக இன்னொருவர் காத்திருக்கும் நேரம், தவறாகச் செய்ததை மறுபடி செய்யும் நேரம், பொருளையோ தகவலையோ தேடும் நேரம். மென்பொருள் வந்தபின் இந்த மூன்றும் குறைந்தனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். திரையில் எத்தனை அறிக்கைகள் வருகின்றன என்பதை வைத்து இதை அளக்க முடியாது.

உங்கள் ஏமாற்றம் புதியதல்ல. பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1987-இல், கணினி யுகத்தை எங்கும் காண முடிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரங்களில் மட்டும் காண முடியவில்லை என்று எழுதினார். அதற்கான விளக்கத்தைப் பொருளாதார வரலாற்றறிஞர் பால் டேவிட் 1990-இல் மின்சாரத்தின் வரலாற்றிலிருந்து எடுத்துக் காட்டினார். எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கில் இயங்கத் தொடங்கியது 1882-இல். ஆனால் மின்சாரத்தால் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறன் பெரிய அளவில் உயர்ந்தது 1920-களில்தான். நாற்பது ஆண்டுகள் ஏன் பிடித்தன என்பதில்தான் நமக்கான செய்தி இருக்கிறது.

நீராவிக் காலத்துத் தொழிற்சாலையில் ஒரே ஒரு பெரிய எந்திரம் இருக்கும். அதிலிருந்து கூரையை ஒட்டி நீண்ட சுழல்தண்டுகள் ஓடும். ஒவ்வொரு இயந்திரமும் தோல்பட்டையால் அந்தத் தண்டோடு பிணைக்கப்பட்டிருக்கும். எந்த இயந்திரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை வேலையின் வரிசை தீர்மானிக்கவில்லை. தண்டுக்கு எவ்வளவு அருகில் அதை நிறுத்த முடியும் என்பதே தீர்மானித்தது. மின்சாரம் வந்தபோது பலர் நீராவி எந்திரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். தண்டும் பட்டையும் அப்படியே இருந்தன, ஆகவே ஆதாயமும் சிறிதாகவே இருந்தது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, நடுத்தண்டையே அகற்றி, வேலை நகரும் வரிசைப்படி தளத்தை மாற்றி அமைத்த பிறகுதான் மின்சாரம் தன் பலனைக் கொடுத்தது.

சிறு நிறுவனத்தில் அந்த நடுத்தண்டு உரிமையாளர்தான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நிறுவனத்தைத் தொடங்கியவர், விலை பேசியவர், கடன் வாங்கியவர், வாடிக்கையாளரை அறிந்தவர் அவர் ஒருவரே என்பதால் எல்லா வேலையும் அவரைச் சுற்றியே வளர்கிறது. தள்ளுபடி கொடுக்கலாமா, இந்த ஆர்டரை முதலில் அனுப்பலாமா, தீர்ந்துபோன மூலப்பொருளுக்கு மாற்று வாங்கலாமா என்ற ஒவ்வொன்றும் அவரிடம் போய்த் திரும்புகிறது. மென்பொருள் வந்தபின் இருப்பு எவ்வளவு என்பது கிடங்கில் இருப்பவருக்கு ஒரு நொடியில் தெரிகிறது. ஆனால் அதைக் கொண்டு எதையும் முடிவு செய்யும் உரிமை அவரிடம் இல்லையென்றால், முன்பு தகவலுக்காகக் காத்திருந்தவர் இப்போது அனுமதிக்காகக் காத்திருக்கிறார். எந்திரம் மாறியிருக்கிறது, தண்டு அப்படியே இருக்கிறது.

இது வெறும் உவமையாக நின்றுவிடவில்லை. டிமோதி பிரெஸ்னஹான், எரிக் பிரின்யால்ஃப்சன், லோரின் ஹிட் ஆகிய மூவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் செய்த முதலீடும், முடிவெடுக்கும் உரிமையைக் கீழ்நிலை வரை பகிர்ந்தளிப்பதும், பணியாளர்களின் திறனை வளர்ப்பதும் ஒன்றையொன்று தூக்கிவிடுபவை என்று கண்டார்கள். பிரின்யால்ஃப்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் பின்னாளில் இன்னொன்றையும் விளக்கினார்கள். புதிய தொழில்நுட்பம் வந்ததும் நிறுவனம் தன் வேலைமுறையை மாற்றவும் மனிதர்களைப் பழக்கவும் செலவிடும் உழைப்பு கணக்கில் உற்பத்தியாகத் தெரிவதில்லை. ஆகவே அளவிடப்படும் உற்பத்தித்திறன் முதலில் சற்று இறங்கி, பிறகே ஏறுகிறது. ஓராண்டில் பலன் தெரியவில்லை என்பதால் மட்டும் முதலீடு வீண் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஓராண்டில் வேலைமுறையில் ஏதாவது மாறியதா என்பதுதான் கேள்வி. ஒன்றுமே மாறவில்லை என்றால் காத்திருப்பதாலும் பயனில்லை.

இனி உள்ளடக்கிய தலைமைக்கு வருகிறேன். இங்கிரிட் நெம்பார்ட், ஏமி எட்மண்ட்சன் இருவரும் 2006-இல், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செய்த ஆய்வில் இதற்குத் தெளிவான ஒரு வரையறை கொடுத்தார்கள்: பிறரின் பங்களிப்பை வரவேற்பதையும் மதிப்பதையும் காட்டும் தலைவரின் சொல்லும் செயலும். அங்கே மருத்துவர், செவிலியர், சுவாச சிகிச்சையாளர் என்று படிநிலை உண்டு; கீழ்ப்படியில் இருப்பவர்கள் பேசத் தயங்குவார்கள். தலைவர் இப்படி நடந்துகொள்ளும் பிரிவுகளில் அந்தத் தயக்கம் குறைந்தது, தரத்தை உயர்த்தும் முயற்சிகளில் ஈடுபாடும் கூடியது. 2010-இல் ஆபிரகாம் கார்மெலி குழுவினர் இதையே மூன்று பண்புகளாகப் பிரித்தார்கள்: தலைவர் புதிய கருத்துக்குத் திறந்திருப்பது, தேவைப்படும்போது கிடைப்பது, எளிதில் அணுகக்கூடியவராக இருப்பது. லின் ஷோர் குழுவினர் 2011-இல் இன்னொரு முக்கியமான வேறுபாட்டை வைத்தார்கள். ஒருவர் குழுவில் சேர்ந்தவராக உணர்வது மட்டும் போதாது; அவருடைய தனித்தன்மைக்கும் அங்கே மதிப்பு இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிட வேண்டும் என்று கேட்கும் இணக்கத்தை அவர்கள் கரைத்துக்கொள்ளுதல் என்றார்கள். அது உள்ளடக்குதல் ஆகாது.

உங்கள் கேள்விக்கு மிக அருகில் வரும் ஆய்வு என்று நான் கருதுவது 2001-இல் எட்மண்ட்சன், ரிச்சர்ட் போமர், கேரி பிசானோ மூவரும் வெளியிட்டது. மார்பெலும்பைப் பிளக்காமல், விலா எலும்புகளுக்கிடையே சிறு கீறல் வழியாக இதய அறுவை சிகிச்சை செய்யும் புதிய முறையை 16 மருத்துவமனைகள் கற்றுக்கொண்டதை அவர்கள் கவனித்தார்கள். பழைய முறையில் அறுவை மருத்துவர் இதயத்தை நேராகப் பார்த்தார், தேவையானதைக் கேட்டு வாங்கினார், மற்றவர்கள் பெரும்பாலும் பேச வேண்டியிருக்கவில்லை. புதிய முறையில் அவருக்குப் பார்வை குறுகிவிட்டது. கருவிகள் காட்டும் படத்தையும் அளவுகளையும் மயக்க மருத்துவரும் செவிலியரும் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவரும் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கருவி எல்லா மருத்துவமனைக்கும் ஒன்றுதான். மருத்துவமனையின் புகழோ, அறுவை மருத்துவரின் மூப்போ, நிர்வாகத்தின் ஆதரவோ வெற்றியைத் தீர்மானிக்கவில்லை. ஏற்கெனவே தெரிந்த வேலையில் ஒரு புதிய கருவியைச் செருகுவதாக இதைப் பார்த்த தலைவர்களின் குழுக்கள் தடுமாறின. முழுக் குழுவும் சேர்ந்து கற்க வேண்டிய புது வேலை என்று அறிவித்து, எல்லோருடைய வாயிலிருந்தும் தகவல் வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, ஒத்திகை பார்த்து, ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்று உட்கார்ந்து பேசிய தலைவர்களின் குழுக்கள் அந்த முறையைத் தம் வழக்கமாக்கிக்கொண்டன.

இந்த ஆய்வுகளில் பல மருத்துவமனைகளிலும் பெரிய நிறுவனங்களிலும் நடந்தவை. 22 பேர் உள்ள இடத்துக்கு அப்படியே பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம், அது நியாயமான கேள்வி. இயங்கும் விதம் ஒன்றுதான் என்பது என் கருத்து: புதிய கருவி, அதுவரை ஒருவர் கையில் இருந்த அறிவைப் பலர் கையில் பரப்பிவிடுகிறது, அந்தப் பலர் பேசாவிட்டால் கருவியும் ஊமையாகிவிடும். சிறு நிறுவனத்தில் இதன் ஆபத்து கூடவும் செய்யலாம். "நாங்கள் ஒரே குடும்பம்போல, யாரும் எப்போது வேண்டுமானாலும் என்னிடம் வரலாம்" என்று உரிமையாளர்கள் மனப்பூர்வமாகச் சொல்கிறார்கள். ஆனால் பெரிய நிறுவனத்தில் மேலாளரோடு கருத்து வேறுபட்டால் வேறு பிரிவுக்குப் போகலாம், மனிதவளத் துறையிடம் பேசலாம். இங்கே சம்பளம் கொடுப்பவர், விடுப்பு கொடுப்பவர், முன்பணம் கொடுப்பவர் எல்லாம் ஒருவரே. அவர் ஆசையாக வாங்கிய மென்பொருள் சரியில்லை என்று அவரிடமே சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! உடலளவில் நெருங்கியிருப்பதையும் பேச முடிவதையும் ஒன்றென்று எண்ணிக்கொள்வதே சிறு நிறுவனங்களில் நான் காணும் மிகப் பெரிய பிழை.

இப்போது அந்த நோட்டுக்கு வருகிறேன். அதை ஒழுங்கீனமாகவோ மாற்றத்துக்கான எதிர்ப்பாகவோ பார்க்க வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். ஃபிரெட் டேவிஸ் 1989-இல் காட்டியபடி, ஒரு மென்பொருளை மனிதர் ஏற்பது முக்கியமாக இரண்டு எண்ணங்களைப் பொறுத்தது: இது என் வேலைக்குப் பயன்படுகிறதா, இதைப் பயன்படுத்துவது எளிதா. வேலை முடிந்து களைத்த நேரத்திலும் ஒருவர் இரண்டாவது கணக்கை எழுதுகிறார் என்றால், திரையில் இல்லாத ஏதோ ஒன்று அந்த வேலைக்குத் தேவைப்படுகிறது என்பதே பொருள். வந்த சரக்கில் பாதி சேதம் என்று குறிக்க மென்பொருளில் இடமில்லாமல் இருக்கலாம். ஒரே பொருளுக்கு விற்பனைப் பிரிவில் ஒரு பெயரும் கிடங்கில் இன்னொரு பெயரும் இருக்கலாம். ஒரு வாடிக்கையாளருக்குத் தருவதாகச் சொல்லி எடுத்து வைத்த பொருளை மென்பொருள் இன்னும் விற்கக்கூடிய இருப்பாகவே காட்டிக்கொண்டிருக்கலாம். அதை நம்பி விற்பனையில் இருப்பவர் இன்னொருவருக்கு வாக்குக் கொடுத்துவிடுவார், தாமதம் அங்கே பிறக்கும். இவை எல்லாம் அந்த நோட்டில் இருக்கின்றன. உங்கள் நிறுவனத்துக்கு என்ன மென்பொருள் வேண்டும் என்பதற்கான மிக நம்பகமான ஆவணம் அதுதான், யாரும் கேட்காமலே எழுதப்பட்டிருக்கிறது.

கருவியின் வடிவமே சிலரை வெளியே நிறுத்திவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். செயலியின் மொழி தொழிலாளியின் மொழியாக இல்லாதது, எழுத்து மிகச் சிறியதாக இருப்பது, கையுறையோடு தொட முடியாத திரை, இரவுப் பணியில் இருப்பவரும் பகுதிநேரப் பணியாளரும் வராத நேரத்தில் வைக்கப்பட்ட பயிற்சி, சொந்த போனில்தான் பதிய வேண்டும் என்ற கட்டாயம் ஆகியவை சிறியவையாகத் தெரியும். ஆனால் 22 பேரில் நால்வர் பதியாவிட்டால் இருப்புக் கணக்கே பொய்யாகிவிடுகிறது, அதன்பின் பதிகிற 18 பேரும் அதை நம்புவதை நிறுத்திவிடுகிறார்கள். உலக மக்களில் ஏறத்தாழ 16 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இணைய உள்ளடக்கத்துக்கான அணுகல் வழிகாட்டுதல்கள், சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் வெளிச்ச வேறுபாட்டைக் கேட்கின்றன. மென்பொருள் வாங்கும்போது இதை விற்பவரிடம் கேட்கச் செலவு எதுவும் இல்லை. பார்வை மங்கத் தொடங்கிய மூத்த பணியாளருக்கும், வெயிலில் நின்று திரையைப் பார்க்கும் ஓட்டுநருக்கும் அதே விதி உதவுகிறது.

வருகைப்பதிவும் கண்காணிப்பும் பற்றி ஒரு சொல். மென்பொருளில் இந்த வசதி எளிதாகக் கிடைப்பதால் பலர் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். பணியாளர்களுக்கு மென்பொருளின் முதல் முகம் காவலாளியின் முகமாகிவிடுகிறது. ஈதன் பெர்ன்ஸ்டீன் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. சீனாவில் ஒரு பெரிய செல்பேசித் தொழிற்சாலையில், மேற்பார்வையாளர்களின் கண்ணில் படாதபடி சில உற்பத்தி வரிசைகளைத் திரைச்சீலையால் மறைத்தபோது, அவற்றின் செயல்திறன் 10 முதல் 15 சதவீதம் வரை கூடியது. பார்வையில் இருந்தவரை தொழிலாளர்கள் தாங்கள் கண்டுபிடித்திருந்த நல்ல வழிகளை மறைத்து, விதிப்படி வேலை செய்வதாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மறைவு கிடைத்ததும் அவற்றைப் பயன்படுத்தி, தங்களுக்குள் பகிர்ந்து, மேம்படுத்தினார்கள். பதிவுகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தவறு பதிவானதும் "யார் செய்தது" என்ற கேள்வி முதலில் எழுமானால், அடுத்த மாதம் முதல் தவறுகள் பதிவாகாது. நிறுவனம் எப்படி இயங்குகிறது என்பதை அறிய நீங்கள் வாங்கிய கருவி உங்களுக்கு அதை மறைக்கத் தொடங்கிவிடும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2023-இல் வெளியான பிரின்யால்ஃப்சன், டேனியல் லி, லிண்ட்சே ரேமண்ட் மூவரின் ஆய்வு, 5,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்களைப் பற்றியது. பதில்களைப் பரிந்துரைக்கும் கருவி கிடைத்தபின் ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்பட்ட புகார்கள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம் கூடின. மிகத் தேர்ந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. தேர்ந்தவர்களின் பேச்சுமுறையைக் கருவி கற்று, அதைப் புதியவர்களுக்குக் கடத்தியதே இதன் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இதில் தலைமைக்கு ஒரு கடமை ஒளிந்திருக்கிறது. அனுபவசாலியின் அறிவை நிறுவனத்தின் சொத்தாக்கிவிட்டு அவருடைய மதிப்பைக் குறைத்தால், அடுத்த முறை அவர் எதையும் கற்றுத்தரமாட்டார். அவருடைய பெயரும் பங்கும் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட வேண்டும், இயன்றால் ஊதியத்திலும் தெரிய வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டம் போட்டு முடிவு செய்ய வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. சிறு நிறுவனத்தின் பலமே விரைவு. அதைக் கலந்துரையாடலில் கரைத்துவிடக் கூடாது. கருத்தைக் கேட்டபின் முடிவெடுக்கும் பொறுப்பு உரிமையாளருடையதே. ஆனால் ஒரு கருத்தை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று சொன்னவரிடம் நேரில் விளக்க வேண்டும். இதைத் தவறவிட்டால், கேட்காமலே இருந்திருப்பதைவிட மோசமான நிலை உருவாகும். மேலும், தாமதத்தின் காரணம் மூலப்பொருள் வாங்கப் பணமில்லாததோ, இயலாத நாளில் தருவதாக வாக்களிப்பதோ என்றால், தலைமையின் எந்தப் பண்பும் மென்பொருளின் எந்த வசதியும் அதைத் தீர்க்காது. அதை முதலில் சரிபார்த்துவிடுங்கள்.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் புதிதாக எதையும் வாங்கமாட்டேன், புதிய பயிற்சியும் வைக்கமாட்டேன். நோட்டு எழுதும் இருவரோடு கிடங்கில், அவர்களுடைய மேசையில், ஒரு வாரம் தினமும் அரை மணி நேரம் உட்காருவேன். நோட்டில் உள்ளதில் எது மென்பொருளில் இல்லை என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன், அங்கே எந்த விளக்கமும் கொடுக்கமாட்டேன். முதல் நாள் அவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே சொல்வார்கள். மூன்றாம் நாள்தான் பேச்சு வரும். அந்தப் பட்டியலிலிருந்து உடனே மாற்றக்கூடிய ஒன்றை, எடுத்துக்காட்டாக ஒதுக்கி வைத்த சரக்குக்கு என்று ஒரு தனிக் குறியீட்டை, அந்த வாரத்துக்குள்ளேயே மாற்றிக் காட்டுவேன். அதோடு, என்னிடம் அனுமதிக்காக வரும் கேள்விகளை இரண்டு வாரம் குறித்துவைத்து, நான் ஏறத்தாழ எப்போதும் சரி என்றே சொன்ன வகைகளை ஓர் எல்லைத் தொகை குறிப்பிட்டு அவர்களிடமே விட்டுவிடுவேன். ஆர்டர் வந்த நாளுக்கும் சரக்கு வெளியேறிய நாளுக்கும் இடையிலான நாள்களை மென்பொருள் ஏற்கெனவே பதிந்துகொண்டிருக்கிறது. இன்றைய சராசரியைச் சுவரில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த எண்ணை அந்த இருவரையே மாற்றி எழுதச் சொல்லுங்கள்.